முட்டிக்கால் வேண்டுதல்

கல்யாணமான நாளிலிருந்து சென்னகிருஷ்ணன் வீராப்பாக எடுத்த முடிவு இது ஒன்றுதான்: இந்தப் பயணத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிப்போவதில்லை!

காரணம், ஆம்பூர் பிரியாணி. நாகரசம்பட்டியில் மாந்தோப்பும் கிணறும் வைத்திருக்கிற மனுஷன் கறிச்சோற்றுக்கு ஏங்கிச் சாகலாமா? வெங்கடம்மாளின் பிறந்த வீடு கவிச்சி வாடையே ஆகாத பெருமாள் வீடு. அவள் வாழவந்த அன்றைக்கே இந்த வீட்டுக் கறிச்சட்டி பரண் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எலத்தகிரி சவரிமுத்து வாத்தியார் மெட்ராஸுக்கு ஒரு பஸ் பேசினார். ஏசுநாதரின் சீடர் தோமையார் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்து, பரங்கிமலையில் உயிரைவிட்டு, சாந்தோமில் அடக்கமானார் என்பது வேதக்காரர்களான கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்த மூன்று இடத்தையும் பார்த்து வரலாம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம் என்றார். சென்னகிருஷ்ணன் மனசுக்குள் பாதையை ஓட்டிப் பார்த்தார். பர்கூர், வாணியம்பாடி, அப்புறம் ஆம்பூர். சோற்றுக்குப் பஸ் அங்கேதானே நிற்கும்! முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார்.

"ஏங்க, நானும் வர்றன். கடலைப் பார்க்கணும்னு எத்தினி வருசமா ஆசை!" என்றாள் வெங்கடம்மாள்.

"ஐயையோ, அது ஊர் சுத்துற பயணம் இல்லடி. வேண்டுதல்! உப்பில்லாத கஞ்சிதான் சாப்பாடு. பரங்கிமலைப் படியெல்லாம் முட்டி போட்டே ஏறணும். உன் முழங்கால் வலிக்கு அது ஆகுமா?"

"அப்ப நீங்க மட்டும் எதுக்கு ஏறணுமாம்?"

சென்னகிருஷ்ணன் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"உன் வலி தீரணும்னுதாண்டி வேண்டிக்கிட்டன்!"

வெங்கடம்மாளின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "எனக்காகவா?" என்றாள். அன்றைக்கு அவர் இலையில் நெய் இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது. பாவி மனுஷனுக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. பிரியாணி நினைப்பு வந்ததும் சரியாகிவிட்டது.

புறப்படுகிற நாள். பஸ்ஸில் ஏறினால், சன்னலோரம் வெங்கடம்மாள்! மடியில் கஞ்சித் தூக்கு.

"நீ... நீ எங்கடி இங்க?"

"யாருக்காக வேண்டிக்கிறோமோ அவங்க கூட நின்னாத்தான் பலிக்குமாம். வாத்தியார்கிட்ட உங்க வேண்டுதலைச் சொன்னன். கட்டாயம் வாம்மான்னுட்டாரு."

சவரிமுத்து வாத்தியார் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே! நாங்க பரம்பரையா வேதக்காரங்க. எங்கள்ல ஒருத்தர்கூட முட்டி போட முன்வரலை. வீட்டுக்காரம்மா காலுக்காக நீங்க வர்றீங்களே!"

பஸ்ஸே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. நம் பக்கத்தில் ஒருத்தர் நேர்ந்துகொண்டால் அதை நிறைவேற்றிக் கொடுப்பது கூடப் போகிறவர்கள் பொறுப்பு. அவர் தவறினால் பாவம் எல்லார் தலையிலும் விழும். ஆக, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சென்னகிருஷ்ணனுக்குக் காவல்காரர்களாகிப் போனார்கள்.

ஆம்பூர் வந்தது. முதலில் மணம் வந்தது, அப்புறம்தான் கடை வந்தது. சென்னகிருஷ்ணன் செருப்பை மாட்டினார்.

"அண்ணே, நீங்க எங்க? விரதம்!" என்று வாத்தியார் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"இல்ல வாத்தியாரே, சும்மா காத்தாட..."

"காத்துல கறி வாசம் வருதுண்ணே. யாராச்சும் அந்த சன்னலைச் சாத்துங்கப்பா!"

வெங்கடம்மாள் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். "ஒரு கல்லு உப்புகூடப் போடலைங்க" என்றாள் பரிவாக.

பரங்கிமலையில் முட்டி போட்டார் பாருங்கள், படிக்கு ஒரு "அம்மாடி", படிக்கு ஒரு "ஐயோ"! அதெல்லாம் பக்தி என்று நினைத்து மற்றவர்கள் உருகினார்கள். பாதி மலையில் நிமிர்ந்து பார்த்தால், வெங்கடம்மாள் எப்போதோ உச்சிக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருக்கிறாள்.

"ஏங்க! வலி போயே போச்சுங்க! தோமையார் கண்ணைத் தொறந்துட்டாரு!"

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் கடல். புடவையைச் செருகிக்கொண்டு அவள் அலைக்குள் ஓடினாள், கத்தினாள், சிரித்தாள். மணலில் காலை நீட்டிக் கிடந்த சென்னகிருஷ்ணனுக்கு, இவளை எப்போதோ கூட்டிவந்திருக்கலாமே என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

திரும்பும்போது மறுபடியும் ஆம்பூர். அவர் வெளியே பார்க்கவே இல்லை. வெங்கடம்மாள் இறங்கிப் போனாள். ஒரு கையால் மூக்கை முந்தானையில் பொத்திக்கொண்டு, இன்னொரு கையில் இலைப் பொட்டலத்தை எட்டப் பிடித்துக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. வேண்டுதல்தான் முடிஞ்சிடுச்சே."

"வெங்கடம்மா... உனக்கு எப்படி..."

"பேர் குடுத்துட்டு வந்த அன்னிக்கே தூக்கத்துல ஆம்பூரு ஆம்பூருன்னு பொலம்பினீங்க."

இப்பேர்ப்பட்டவளையா ஏமாற்றப் பார்த்தோம்! பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டார். ஆகா!

"நல்லா சாப்பிடுங்க, உடம்புல தெம்பு வேணும்" என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள் வெங்கடம்மாள். "உங்க வேண்டுதல்தான் இப்படிப் பலிக்குதே! எங்கம்மா இடுப்பு வலிக்கு அடுத்த மாசம் நீங்க திருப்பதி மலையை முட்டி போட்டே ஏறுறதா, கடற்கரையிலயே பஸ் ஆளுங்க அத்தினி பேரையும் சாட்சி வெச்சு நேர்ந்துட்டன்."