டீச்சருக்க அப்பன்

சேசு மரி சூசை துணை
கொல்லம் 1109 ஐப்பசி 12

வடசேரிச் சந்தையில் கருவாட்டு மண்டி நடத்திவரும் என் மரியாதைக்குரிய மச்சான் சிலுவைதாசன் அவர்களுக்கு, துறையில் மீன் ஏலம் கூறும் மரியஜான் சொல்லச் சொல்ல, என் மகள் குளோரி எழுதும் கடிதம். தேவமாதா தயவால் நாங்கள் இருவரும் சுகம். அங்கே தாங்களும் மைனியும் மருமகன் ததேயுசும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். கையெழுத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். மணி மணியாக இருக்கிறதா இல்லையா?

நிற்க. தங்கள் மகன் ததேயுசுக்கு இவளைப் பெண் கேட்டு ஆளனுப்பிய தாங்கள், "பதில் டீச்சர் என்கிறார்களே, சம்பளம் எவ்வளவு? அதைப் பார்த்துத்தான் சீதனத்தைக் குறைக்க முடியும்" என்று சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. நியாயமான கேள்வி. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யார் மீன் வாங்குகிறார்கள்?

பங்குப் பள்ளிக்கூடத்துச் செசிலி டீச்சர் பிரசவத்துக்குப் போனார்கள். ஏழாம் வகுப்பு பாஸான பெண் இந்தத் துறையில் ஒருத்திதான், அவள் எனக்குப் பிறந்தவள். பங்குச்சாமியார் கூப்பிட்டனுப்பி அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். அன்றோடு என் பெயர் மாறிவிட்டது. "டீச்சருக்க அப்பன் வாராரு, வழி விடுங்கலே!" என்கிறார்கள் கடற்கரையில். மூன்று தலைமுறையாக உப்புத்தண்ணீரில் நிற்கிற வம்சம், மச்சான். முதல்தரம் கேட்டபோது அழுதுவிட்டேன். அவள் அம்மைக்குத்தான் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

சம்பளம் மாதம் பன்னிரண்டு ரூபாய். இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, ஒரு நாளைக்கு ஆறு சக்கரம். இருவத்தெட்டு சக்கரம் சேந்தாத்தான் ஒரு ரூவா. ஞாயிறும் திருநாளும் போனா மாசம் அஞ்சு ரூவாயும் நாலு சக்கரமும். பன்னெண்டு செசிலி டீச்சருக்க சம்பளம்லா?"

"ஏட்டி, நீ இருக்கது யாருக்க நாற்காலியில? நாற்காலிக்க சம்பளத்த எழுதுட்டி."

எழுதிவிட்டாள். உள்ளதைச் சொன்னால், கடற்கரையில் இவள் சம்பளத்தைச் சொல்லும்போது நான் ஏழு ரூபாயில்தான் ஆரம்பித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு என்றேன், பத்து என்றேன். ஏலக்காரன் வாய்க்கு ஏறத்தான் தெரியும். பன்னிரண்டில் கூட்டம் வாயைப் பிளந்தது, அங்கே நிறுத்திக்கொண்டேன்.

முதல் சம்பளத்தை அவள் என் கையில் தந்ததும் நேரே கோட்டாற்றுக்கு நடந்துபோய் ஒரு குடை வாங்கினேன், டீச்சர் வெயிலில் நடக்கலாமா, தினமும் காலையில் நானே குடை பிடித்துப் பின்னால் போனேன், மூன்றாம் நாள் கடற்காற்று குடையை அள்ளிக்கொண்டுபோய் ஒரு வள்ளத்துக்குள் போட்டது, எடுக்கப்போன என் வேட்டி துடுப்பில் மாட்டிக் கிழிந்தது, கிழிந்த வேட்டியோடு தெருவில் நிற்க முடியாமல் பள்ளிக்கூட ஜன்னலோரம் ஒதுங்கினால் உள்ளே அவள் ஏழாம் வாய்ப்பாடு நடத்துகிறாள், பிள்ளைகள் மூவேழில் முழிக்கிறார்கள், பாவமே என்று நானும் ஜன்னல் வழியாக "இருவத்தொண்ணு! இருவத்தெட்டு! முப்பத்தஞ்சு!" என்று எடுத்துக்கொடுத்தேன். என் குரல்தான் தங்களுக்குத் தெரியுமே. மீன் ஏலம் தொடங்கிவிட்டது, பொடிமீன் பொறுக்கலாம் என்று பள்ளிக்கூடம் முழுவதும் சிலேட்டை எறிந்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடிவிட்டது. இனிமேல் நான் கோயில் மூலையைத் தாண்டி வரக்கூடாது என்று சாமியார் உத்தரவு. இந்தத் துறையில் வேறு எந்த அப்பனுக்கு இப்படித் தனி உத்தரவு உண்டு? அதுமுதல் கோயில் மூலையில் குடையை அவள் கையில் கொடுத்து, அவள் நடையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஆகையால் மச்சான், நகை நட்டு என்று நீட்டவேண்டாம். மாதம் பன்னிரண்டு ரூபாய் குடை பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு நடந்து வருகிறது. இதற்குமேல் கேட்பார் உண்டா?

மைனிக்கு என் வணக்கமும் மருமகனுக்கு என் ஆசீரும் சொல்லவும். சவேரியார் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
மரியஜான் (கைநாட்டு)

பி.கு: மாமா, இது குளோரி. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். செசிலி டீச்சர் பிள்ளையோடு திரும்பி வந்து இரண்டு வாரமாகிறது. என் வேலை அன்றே முடிந்தது. அப்பா கோயில் மூலையிலிருந்து திரும்பியதும் நான் கன்னியர் மடத்துக்குப் போய் லேஸ் பின்னுகிறேன். கூலி நாளைக்கு ஏழு சக்கரம். டீச்சராக இருந்ததைவிட ஒரு சக்கரம் கூடுதல். சீதனத்தைக் குறைப்பதானால் அந்த ஏழு சக்கரத்தைப் பார்த்துக் குறையுங்கள். இது துறை முழுவதற்கும் தெரியும், அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் வழிவிட்டு "டீச்சருக்க அப்பன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பந்தம் கூடினாலும் கூடாவிட்டாலும், அப்பாவைக் கண்டால் நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள்.