திதியன்று அப்பா தும்மினார்

என் தும்மலைப் பற்றி முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது பெண்பிள்ளைகள் தும்முகிற தும்மல் அல்ல. அப்பாவிடமிருந்து அப்படியே எனக்கு வந்தது. மூன்று முறை வரும். முதல் இரண்டும் ஒத்திகை. மூன்றாவதில் அலமாரிக் கண்ணாடி அதிரும், கடைசியில் "முருகா!" என்று ஓர் அலறல். (அப்பாவுக்கு அது பக்தி, எனக்கு வெறும் பழக்கம்.) எங்கள் ஊரான உலு திராமில், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளுக்கு, தும்மியது அப்பாவா மகளா என்று கடைசிவரை பிடிபடவே இல்லை. "பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கு மட்டும் தும்மித் தொலைச்சிடாதடி" என்று அம்மா கெஞ்சுவார்.

அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டினார். பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். மாரடைப்பு. பொறுப்பான மனிதர். ஹேண்ட் பிரேக் போடாமல் போகவில்லை.

அதன் பிறகு அம்மா பேசுவதையே குறைத்துவிட்டார். என் அம்மாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய சங்கதி என்று புரியும். விடிந்தது முதல் படுக்கப் போகும்வரை அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தவர் அவர். நாங்கள் அதை ரேடியோ மாதிரி கேட்டுக்கொண்டு வேலை பார்ப்போம். அந்த ரேடியோ நின்றுபோனது. வீட்டில் கோப்பி கலக்குவதும் நின்றுபோனது. யார் வந்தாலும் தேத்தண்ணிதான். ஏன் என்று கேட்டால் "தூள் முடிஞ்சிருச்சு" என்பார். அந்தத் தூள் ஒரு வருடமாக முடிந்துகொண்டே இருந்தது.

எனக்கும் நெஞ்சில் ஒரு கல் இருந்தது. நான் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். என் பஸ் வருகிற இடம்வரை அப்பாதான் காலையில் கொண்டுபோய் விடுவார். அங்கே நாகூர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அம்மா வீட்டில் ஒரே ஒரு கோப்பிதான் தருவார், அதுவும் சீனி இல்லாமல். அதனால் அந்தக் கடையில், இனிப்பு வழியும் டின்பால் ஊற்றிய பெரிய கிளாஸ் கோப்பி ஒன்றைத் தினமும் திருட்டுத்தனமாகக் குடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் காப்பேன். கடைசி நாளன்றும் குடித்தார், கடைசி நாளன்றும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பிதான் அவரைக் கொண்டுபோய்விட்டதோ? இதை யாரிடம் கேட்பது?

கேட்க ஒரு வழி இருக்கிறது என்று என் கைப்பேசி சொன்னது. சிங்கப்பூருக்குப் போகிற காஸ்வே பாலத்து நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் சிக்கிக் கிடப்பவளுக்கு, உயிர் அழியாதது என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும். இல்லாவிட்டால் இந்த இரண்டு மணி நேரத்தை எப்போது திரும்பப் பெறுவது? அப்படித்தான் ஸ்பிரிச்சுவலிசம் என்கிற ஆவியுலகக் கொள்கை எனக்கு அறிமுகமானது. ஓர் ஆங்கிலேய அம்மையார் வீடியோவில் பாடம் எடுத்தார். உயிர் சாவோடு முடிவதில்லை. போனவர்கள் நம்மோடு பேச முடியும். எந்த ஆன்மாவும், எவ்வளவு கெட்டதானாலும், எந்த நேரத்திலும் முன்னேறலாம். அவரவர் செய்ததற்கு அவரவரே பொறுப்பு. (இந்தக் கடைசிக் கொள்கை வந்தபோது எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அதற்கான தண்டனை பின்னால் வருகிறது.)

அப்பா இருக்கிறார் என்று மட்டும் நிரூபித்துவிட்டால் அம்மா பழையபடி ஆகிவிடுவார் என்று நான் கணக்குப் போட்டேன். அப்பாவின் முதல் வருடத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாளே பொந்தியானிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு வாளி நண்டோடு வந்துவிட்டார். பாலோவிலிருந்து அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, வெறுங்கையோடு வந்துவிட்டார். சாப்பாட்டின்போது நான் மூவருக்கும் பாடம் நடத்தினேன். ஆவிகள் மேசையைத் தட்டிப் பதில் சொல்லும், ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை என்றேன்.

"ஏன்லா பாப்பா, வருசா வருசம் கறியும் சோறும் வச்சு நாம கூப்புடாத ஆவியா?" என்றார் மாமா. "இதுக்கு வெள்ளக்காரங்க கிளாஸ் வேறயா? உயிரோட இருக்கும்போதே உங்கப்பா உங்கம்மா முன்னாடி வாயத் தொறந்து ஒரு பதில் சொன்னதில்ல. இப்ப வந்து தட்டுவாராக்கும்?"

அம்மா மட்டும் "ரெண்டு தட்டுனா இல்லையா?" என்று ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மதியம் படையல். சாப்பாட்டு மேசையை அப்பாவின் அறைக்குள் நகர்த்தி, தரைவரை தொங்கும்படி வெள்ளை வேட்டியை விரித்து, படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டோம். ஆட்டிறைச்சிப் பெரட்டல், நண்டுக் குழம்பு, வடை, பாயாசம். ஓரமாக ஒரு பாட்டில் கருப்பு பீர். "கோப்பி எங்க அண்ணி? எங்கண்ணனுக்கு அதுதானே உசுரு?" என்று அத்தை கேட்டார். அம்மா சமையலறைக்குப் போய்விட்டார்.

சாம்பிராணி போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, எல்லாரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம். போனவர் கூச்சமில்லாமல் வந்து சாப்பிடட்டும் என்றுதான். எனக்கு அந்தப் பத்து நிமிடங்கள்தான் வேண்டியிருந்தன. "கடையில போய் ஐஸ் வாங்கிட்டு வர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். கையில் கைப்பேசி, ஒலிப்பதிவுக்கு. மடியில் ஒரு நோட்டுப்புத்தகம், ஆவி ஏதாவது நீளமாகப் பேசினால் எழுதிக்கொள்ள. அப்போது எனக்கு இருபத்தேழு வயது, பட்டதாரி என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

மாமா எப்போதும் சாம்பிராணியில் சிக்கனம் பார்ப்பவர். அன்றைக்கு மட்டும் மச்சான் மேல் பாசம் பொங்கிவிட்டது. புகைகிற சட்டியை மேசைக்காலை ஒட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். புகை முழுவதும் வேட்டிக்குள் நுழைந்து என்னிடம் வந்தது. மூக்கைப் பிடித்தேன். அப்பாவை வேண்டினேன். வந்தது அப்பா அல்ல, அப்பாவின் தும்மல். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் பீர் பாட்டில் சாய்ந்தது. "முருகா!"

வெளியே அத்தை "அண்ணே!" என்று வீறிட்டார். அடுத்த நொடி அவர் கால் சலங்கை கட்டாமலே ஆட ஆரம்பித்துவிட்டது. (அத்தைக்குக் கல்யாண வீட்டில் மேளம் கேட்டாலே மருள் வந்துவிடும்.) நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆதாரம் கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளட்டுமே, அம்மாவுக்கு நல்லதுதானே என்று என் புத்தி போனது.

அப்போது கதவை ஒட்டி அம்மாவின் குரல் கேட்டது. ஒரு வருடமாக நான் கேட்காத குரல்.

"என்னங்க... நீங்கதானா? அன்னைக்குக் காலையில ரெண்டாவதா ஒரு கோப்பி கேட்டீங்க. நான் குடுக்கலங்க. டின்பால ஊத்திக் குடிச்சே சாவுங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அதுதாங்க நான் உங்ககிட்ட பேசின கடைசி வார்த்த. அந்த டப்பாவத் தொட முடியலங்க என்னால."

இது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கோப்பியைப் பற்றி, ஒரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"என் மேல கோவமா இருக்கீங்களா?" என்றார் அம்மா.

"தட்டச் சொல்லுங்க அண்ணி!" என்றார் அத்தை, ஆட்டத்துக்கு நடுவிலேயே. "ஒன்னுன்னா ஆமாம், ரெண்டுன்னா இல்ல! பாப்பா சொல்லிச்சில்ல!"

இரண்டு தட்டு தட்டினால் தீர்ந்தது. கையைக்கூட ஓங்கினேன். ஆனால் அப்பாவின் பெயரில் நான் எப்படிப் பதில் சொல்வது? அவரவர் செய்ததற்கு அவரவரே பொறுப்பு என்று அந்த அம்மையார் சொன்னபோது தூங்கியவளுக்கு, மேசைக்கு அடியில் அந்தப் பாடம் தெளிவாக விளங்கியது. வெளியே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து எழுந்தேன். மேசைக்கு அடியில் இருக்கிறேன் என்பது மறந்துபோயிருந்தது.

டொம்!

ஒரே ஒரு தட்டு. வீடு முழுவதும் கேட்டிருக்கும். "ஆமாங்கிறாரு..." என்று அம்மா கதறிய கதறலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தலை வலித்ததை மறந்து, கொள்கையையும் மறந்து, முட்டியால் அவசரமாக இன்னொரு தட்டு தட்டினேன்.

"ரெண்டு! ரெண்டு தட்டிட்டாரு!" என்றார் அத்தை.

"அது எப்படி ரெண்டாகும்? நடுவுல கேப் இருந்துச்சு லா!" என்றார் மாமா, ஃபுட்போல் ரெஃப்ரி தோரணையில். "அது ஒன்னு, இது வேற ஒன்னு. ரெண்டு தடவ ஆமாம்னு சொல்றாரு. ரொம்பக் கோவம் போல."

இனி பொறுக்க முடியாது என்று வேகமாக வெளியே தவழ்ந்தேன். வேட்டி என் தலையில் சிக்கியது. வேட்டியோடு இலையும் வந்தது. கறி, குழம்பு, பாயாசம் எல்லாம் என்மேல் இறங்கின. சத்தம் கேட்டு மாமா கதவைத் திறக்க, சாம்பிராணிப் புகைக்கு நடுவில் வெள்ளையாக ஓர் உருவம் கைகளை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றது. அதன் தோளில் ஒரு நண்டு.

அத்தைக்கு வந்த மருள் அந்த நொடியே மலையேறிவிட்டது. மாமாவைக் காணவில்லை. (வேலி தாண்டி மக்சிக் வீட்டில் இருந்தார். "அலமாக்!" என்று அந்த அம்மாள் அலறியது எங்களுக்கும் கேட்டது.) அம்மா மட்டும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை என் காலில் வந்து நின்றது.

"எங்க வீட்டுக்காரரு எப்ப இருந்து நெயில் பாலிஷ் போட ஆரம்பிச்சாரு?"

வேட்டியை விலக்கினேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேம்மா."

அப்புறம் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அப்பா அன்னைக்கும் கோப்பி குடிச்சாரும்மா. கடையில. பெரிய கிளாஸ், டின்பால் போட்டு. கோவமே இல்ல. 'இன்னைக்கு உங்கம்மா ரொம்பச் சூடா இருக்கா, சாயங்காலம் அவளுக்குப் புட்டு வாங்கிட்டுப் போகணும்'னு சொல்லிச் சிரிச்சாரு. நான்தாம்மா தடுத்திருக்கணும். அந்தக் கோப்பியாலதானோ என்னமோ..."

அம்மா என் முகத்தில் வழிந்த பாயாசத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். "பைத்தியம். நெஞ்சுல அடைப்பு பல வருசமா இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரில்ல? ஒரு கிளாஸ் கோப்பியா ஆளக் கொல்லும்?"

"அப்ப நீங்க சொன்ன ஒரு வார்த்த மட்டும் கொல்லுமாம்மா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். தோளில் இருந்த நண்டை அத்தை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா தலையை நிமிர்த்தினார். முகத்தில் ஏதோ மாறியிருந்தது.

"இரு. கடையிலயா? அன்னைக்கு மட்டுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்குக் கொள்கை முற்றியிருந்தது. "தினமும்" என்றேன்.

"எத்தன வருசமா?"

"நான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதுல இருந்து. நாலு வருசம்."

அம்மா எழுந்தார். புடவையை இழுத்துச் செருகினார். அப்பாவின் படத்துக்கு நேரே போய் நின்றார். "நாலு வருசம்! உப்பு பார்த்து, சீனி பார்த்து, பாவக்காயா வதக்கிப் போட்டேனே, மனுசனா நீங்க? வீட்டுல பூனை மாதிரி உக்காந்துக்கிட்டு, அங்க போயி டின்பாலா கேக்குது? புள்ளையவும் கூட்டுச் சேர்த்துக்கிட்டு!" அரை மணி நேரம் விடாமல் திட்டினார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா எட்டிப் பார்த்து, "அக்கா சரியாயிட்டா போல" என்றார். அந்த ரேடியோவை நான் தரையில் உட்கார்ந்து கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

திட்டி முடித்துவிட்டு சமையலறைக்குப் போய்க் கோப்பித்தூள் டப்பாவை எடுத்தார். "ஒரு வருசத்துப் பழசு அண்ணி" என்றார் அத்தை. "ஏமாத்துனவருக்கு இது போதும்" என்றார் அம்மா. கலக்கினார். டின்பாலைத் தாராளமாகவே ஊற்றினார். படத்துக்கு முன்னால் கிளாஸை வைத்து, "இந்தாங்க. இனிமே திருட்டுத்தனமாக் குடிக்க வேணாம்" என்றார்.

ஆவிகள் பேசுமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த அம்மையாரின் வீடியோ வகுப்பை நான் மறுபடி பார்க்கவில்லை. ஆனால் எந்த ஆன்மாவும் எந்த நேரத்திலும் முன்னேறலாம் என்று அவர் சொன்னதற்கு நன்றி. அது எனக்கும் பொருந்தியது. சாம்பிராணியை அள்ளிப் போட்ட மாமாவுக்கும் நன்றி. அன்று புகை கொஞ்சம் குறைந்திருந்தால், அம்மாவும் நானும் இன்னும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருப்போம்.

இப்போதும் ஒவ்வொரு திதியன்றும் கதவைச் சாத்துவதற்கு முன்னால் மாமா ஆட்களை எண்ணுவார். டார்ச் லைட்டோடு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்துவிட்டு, "கிளியர் லா" என்பார். என் கல்யாண மேடையிலும் தும்மினேன். முன்வரிசையில் இருந்த அத்தை, "அண்ணன் வந்தாச்சு, தாலியக் கட்டுங்க!" என்றார்.

போன வாரம் காஸ்வே நெரிசலில் பஸ்ஸில் இருந்தபடியே அம்மாவோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது. மூன்றும் வந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மறுமுனையில் அம்மா நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"வந்துட்டீங்களா?" என்றார் பிறகு. என்னிடம் அல்ல. "உக்காருங்க, கோப்பி கலக்கிட்டு வர்றேன்."