பாப்பாவின் பெட்டியில் ஓர் எல் போர்டு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவோடு எழுதுவது. இங்கே நான், என் மனைவி, டிரைவிங் ஸ்கூல் கார் ஆகிய மூவரும் சுகம். என் வலது கால் பெருவிரல் மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது. அங்கே தாங்களும் அக்காவும், என்னிடம் பயின்று, கேட்டை இரண்டு முறை இடித்து, ஒருவழியாகத் தாங்கள் வாங்கிய லைசன்சும் பத்திரமாக இருப்பதாக நம்புகிறேன்.

நிற்க. நம் பாப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. வெளிநாட்டில்! இங்கிலீஷ் டீச்சர்! போன தடவை வந்திருந்தபோது, செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "நம்மகிட்டயே வாயத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டேங்கிறா, இவ போய் யாருக்கு என்னத்தச் சொல்லிக்கொடுக்கப் போறா?" என்று கேட்டீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. அன்று தாங்கள் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட, இரண்டாவது பொத்தான் இல்லாத சட்டைகூட எனக்கு ஞாபகமில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா இதுவரை ஒரு வகுப்பில் நின்று பாடம் எடுத்ததில்லை. அதனால் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, கம்ப்யூட்டர் வழியாக ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார். அதில் தேறினால்தான் வேலை, இல்லையென்றால் இல்லை. பாடம் நடத்த மாணவர்கள் வேண்டுமே? என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பேக்கரிக்காரர், தையல்காரம்மா, ஓய்வுபெற்ற தபால்காரர் மூவரையும் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்கள்தான், ஆனாலும் சொன்ன சொல் தட்டாதவர்கள். பாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, ஆள் கூட்டிட்டு வந்ததே போதும். நீங்க அந்த ரூம் பக்கமே வராதீங்க, அதுதான் பெரிய உதவி" என்றாள். "வருவேனாம்மா?" என்றேன். சொன்னபடியே நான் அந்த அறைக்கு வரவில்லை, அவள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால், இரும்பு பீரோவின் ஓரமாக, தலைமையாசிரியையின் கண்ணில் படாத இடம். பாப்பா பார்த்து முறைப்பதற்குள் அந்தம்மா திரையில் வந்துவிட்டார். மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்: நான் உள்ளங்கையை நீட்டினால் கூச்சப்படாமல் உரக்கப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பாப்பா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று பேக்கரிக்காரரை இங்கிலீஷில் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். நான் உள்ளங்கையை நீட்டினேன். டப்பென்று மூடிக்கொண்டார். தையல்காரம்மாவைக் கேட்டாள். நீட்டினேன். அந்தம்மா இரண்டு காலையும் தரையில் அழுத்திக்கொண்டு அப்படியே சிலையானார். தபால்காரரோ இல்லாத ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்! அப்புறம்தான் உறைத்தது. மாதக்கணக்காக நடுரோட்டில் என் உள்ளங்கையைக் கண்டால் 'நிறுத்து' என்று பழக்கி வைத்திருக்கிறேனே, அன்று காலையில் சொன்னதா அவர்கள் மனதில் நிற்கும்? பதறிப்போய் இன்னும் ஓங்கி நீட்டினேன், அவர்கள் இன்னும் கெட்டியாக நின்றார்கள். பாப்பா முகம் வெளுத்துப்போய், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கத் தொடங்கிப் பாதியில் தடுமாறினாள். பக்கத்து சீட்டுக்காரர் தடுமாறினால் என் வலது கால் என்னைக் கேட்டுக்கொண்டா, ஸ்கூல் காரில் என் பக்கமும் வைத்திருக்கிற பிரேக்கை மிதிக்கும்? மிதித்தது. அங்கே பிரேக் எங்கே இருக்கிறது, இரும்பு பீரோதான் இருக்கிறது. 'டங்'கென்று வீடே அதிர்ந்தது. பெருவிரலின் கதை இதுதான். "யார் அங்கே?" என்றார் தலைமையாசிரியை. பெற்ற பிள்ளையின் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் பாப்பா என்ன செய்தாள் தெரியுமா? நேராக வந்தாள், என் மணிக்கட்டைப் பிடித்தாள், நொண்டிக்கொண்டிருந்தவனைக் கேமராவுக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இவர் என் அப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இன்றைய பாடத்தில் இவர்தான் கார்" என்று பிசிறில்லாமல் இங்கிலீஷில் சொன்னாள். அப்புறம் மாணவர்கள் பக்கம் திரும்பி, "ம், இப்ப நீங்க ஓட்டுங்க. இங்கிலீஷ்லதான் ஓட்டணும்" என்றாள். மூவருக்கும் எங்கிருந்துதான் அப்படியொரு உற்சாகம் வந்ததோ! தையல்காரம்மா 'டர்ன் லெஃப்ட்' என்றார், திரும்பினேன். தபால்காரர் 'ரிவர்ஸ், ரிவர்ஸ்' என்று சோபாவுக்கும் மேஜைக்கும் நடுவே என்னைப் பார்க்கிங் செய்தார். பேக்கரிக்காரர் மட்டும் 'ப்ளீஸ், ப்ளீஸ்' என்று அங்கேயே நின்றுவிட்டார். நானாக இருந்தால் அந்த நேரத்துக்குள் பத்து தடவை பிரேக்கை மிதித்திருப்பேன். அவள் எடுத்துக் கொடுக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 'உங்களால் முடியும்' என்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் அந்த மனுஷர், "ப்ளீஸ் டர்ன் ரைட் ஸ்லோலி, சார்!" என்று முழுசாகச் சொன்னாரே, அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைமையாசிரியை கைதட்டினார். உடனே புறப்பட்டு வரச் சொல்லிவிட்டார். கார் ஓட்ட வராது என்று யாரைப் பற்றியும் நான் சொன்னதில்லை, ஆனால் பாடம் நடத்துவதென்றால் என்னவென்று என் மகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், தாங்கள்தான் பாக்கி.

பெட்டி கட்டுவதில் என் பங்காக, காரை இழுக்கும் கயிறு, நடுரோட்டில் வண்டி நின்றால் வைக்கும் சிவப்பு முக்கோணம், புதிதாக ஓட்டப் பழகுகிறவர் வண்டியில் மாட்டும் எல் போர்டு மூன்றையும் வைத்தேன். "ஏம்ப்பா, எல் போர்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு கிளாசுக்குப் போகவா?" என்று கேட்டாள். "முதல் தடவைதானேம்மா. அதைப் பாத்தா பின்னாடி வர்றவங்க கொஞ்சம் பொறுமையா வருவாங்க" என்றேன். கயிற்றையும் முக்கோணத்தையும் எடுத்து வெளியே வைத்தாள். போர்டை எடுத்தமாதிரி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானம். தாங்கள் வழியனுப்ப வர வேண்டாம். அக்கா அழுவாள், அவளைப் பார்த்து என் மனைவி அழுவாள், கல் மாதிரி இருக்கிற நான் ஒருவன் எத்தனை பேரைத் தேற்றுவேன்? பாப்பாவே கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள். திரும்பும்போது நான் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன், அதுதானே என் தொழில்.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் வீட்டுப் பிள்ளைகள் நல்ல புத்தியோடும் நல்ல பிரேக்கோடும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியையின் தகப்பன்

பி.கு.: தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே இருந்த இந்தக் கடிதத்தை, விமான நிலையக் கார் நிறுத்தத்தில் இருந்து படம் பிடித்துக் கைபேசியில் அனுப்புகிறேன். வழி நெடுக நான் ஒருமுறைகூடப் பிரேக்கைத் தொடவில்லை. உள்ளே போகுமுன் பாப்பா பெட்டியைத் திறந்து அந்த எல் போர்டை எடுத்துக் காரின் பின்கண்ணாடியில் அவளே ஒட்டினாள். "நான் இல்லாத வீடு உங்களுக்கும் முதல் தடவைதானேப்பா. பின்னாடி வர்றவங்க பொறுமையா வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாவியைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வைப்பர் போட்டும் தெளியவில்லை. ஆகவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு, உடனே ஓர் ஆட்டோ பிடித்து வரவும். எல் போர்டு மாட்டிய வண்டியை, பக்கத்தில் லைசன்ஸ் உள்ளவர் உட்காராமல் எடுக்கக்கூடாது, அத்தான். அது சட்டம்.