சகலையின் நாள்வாடகை வீடு

எதிர்வீட்டு வாசலில் இன்றைக்கும் ஒரு கார் வந்து நின்றது. தையல்காரர் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நாலு பெட்டி, ரெண்டு குழந்தைகள், ஒரு தொப்பிக்காரர்.

வீடு அவருடைய சகலையுடையது. ஊரின் மறுகோடியில் குடியிருந்துகொண்டு, இதைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள்வாடகைக்கு விட்டுவிட்டு, காலாட்டிக்கொண்டிருந்தான் அவன்.

"அக்கா வீட்டுக்காரர் மூளையே மூளை! இந்த வாரமும் ஒரு நாள்கூட காலி இல்லையாம்," என்றாள் மனைவி.

"ஏன், எனக்கு மூளை இல்லையா?"

"இருக்கு. பட்டன் தைக்கிற அளவுக்கு."

தையல்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. நாள்வாடகை வீடுகளுக்கான நகராட்சி விதிப் புத்தகத்தை வாங்கி வந்து ஒரு வரி விடாமல் படித்தார்.

குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லை என்று முதல் புகாரை நகராட்சிக்கு எழுதிப் போட்டார். மறுநாளே மூடியோடு ரெண்டு தொட்டிகள் வந்து இறங்கின. 'எவ்வளவு சுத்தமான வீடு!' என்று தங்கியவர்கள் இணையத்தில் எழுதினார்கள்.

தீயணைக்கும் கருவி இல்லை என்றார். சகலை மாடிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று மாட்டினான். பாதுகாப்பான வீடாச்சே என்று பிள்ளைகுட்டிக்காரர்கள் குவிந்தார்கள்.

பத்து மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் என்று எழுதியதுதான் பெரிய வினை. சகலை பாட்டுக்கே தடை போட்டான். அமைதி தேடுகிற கூட்டம் மூன்று மாதத்துக்கு முன்பதிவு செய்துவிட்டது.

"அத்தான் வீட்டை எப்படி வச்சிருக்காரு பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"அதெல்லாம்..." என்று ஆரம்பித்தவர், மெஷினை வேகமாக மிதித்தார். பொறாமையில் கண் தெரியாமல் யாரோ ஒருவருடைய சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டார். புகார்கள் பதினேழைத் தொட்டன.

சகலையின் நாள்வாடகை லைசென்ஸ் முடியும் வாரம், விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு துருப்புச்சீட்டு அகப்பட்டது. கடையை அடைத்துவிட்டு நகராட்சிக்கு ஓடினார்.

"அந்த லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாதும்மா," என்றார் கவுன்ட்டர் பெண்ணிடம். "ஓனர் அங்க குடியில்லைன்னா, பக்கத்துலயே ஒருத்தர் ராப்பகலா வீட்டைக் கவனிக்கணும்னு விதி. அவனுக்கு யாரு இருக்கா?"

அவள் கோப்பைப் புரட்டினாள்.

"எதிர்வீட்டு டைலர்னு போட்டிருக்கே சார். அத்தாட்சிக்கு அவர் பேர், தேதி, நேரம் போட்டு எழுதின பதினேழு புகாரையும் இணைச்சிருக்காங்க. இப்படி ஒரு பொறுப்பான ஆளைப் பார்த்ததே இல்லைன்னு ஆபீசர் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாரு!"