பத்தாவது அருவி

எனக்கு நீச்சல் தெரியாது, குழாய் வேலை தெரியாது, வியாபாரம் சுத்தமாகத் தெரியாது. இந்த மூன்றும் தெரியாத ஒருவன் இருபத்தாறு வயதில் சொந்தமாக ஓர் அருவி தொடங்கினான் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் சொந்தக்காரர்கள் நம்புவார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே வழுக்கி விழுந்தவர்கள்.

எல்லாம் தென்காசியில் நடந்த ஆறு நாள் தொழில்முனைவோர் பயிற்சியில் ஆரம்பித்தது. பொறியியல் படித்து முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்தேன். தெருவில் எவரைப் பார்த்தாலும் "இப்போ என்னலே பண்ணுத?" என்று கேட்டார்கள். அதற்கு ஒரு பதில் வேண்டும் என்றுதான் பயிற்சியில் சேர்ந்தேன். (மதியச் சாப்பாடு உண்டு என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அதையும் மறைக்க விரும்பவில்லை.)

முதல் நாள் பயிற்சியாளர் பலகையில் எழுதினார்: "தொழில்முனைவு என்பது ஒரு தேவையைக் கண்டறிந்து, வளங்களைத் திரட்டி, இடரைத் தானே ஏற்று, புதிய ஒன்றை உருவாக்குவது." அதை நான் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் மதியம் தொழிலை எப்படி வளர்ப்பது என்று பாடம் நடத்தினாராம். சிறிதாகத் தொடங்கு, சோதித்துப் பார், தவறைத் திருத்து, பிறகு விரிவாக்கு என்றாராம். அன்றைக்குச் சாப்பாட்டில் தயிர்ச் சாதமும் இருந்ததால் நான் கண்ணயர்ந்துவிட்டேன். ஆகவே தொழில்முனைவின் பொருள் எனக்கு முழுதாகத் தெரியும். வளர்ச்சிதான் விடுபட்டுப் போனது.

அந்தப் பாடத்தை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டவள் முன்வரிசையில் இருந்த முத்துச்செல்வி. செங்கோட்டைச் சந்தையில் நேந்திரங்காய் எடுத்து சிப்ஸ் போட்டு விற்பது அவள் திட்டம். நான் அவளிடம் நோட்டு கடன் வாங்கினேன். திருப்பிக் கொடுக்கப் போனேன். மறுபடி வாங்கினேன். ஆறு நாள் முடிவதற்குள் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு சிக்கல், அவள் அப்பா போலீஸ் எஸ்.ஐ. சீசன் வந்துவிட்டால் குற்றாலம் அருவிக்கரையில்தான் அவருக்குப் பந்தோபஸ்து.

"எங்க அப்பாட்ட பேசணும்னா கையில ஒரு தொழில் இருக்கணும்," என்றாள். "பயிற்சி சர்ட்டிபிகேட்டைக் கொண்டு போய் நீட்டாதீங்க. கிழிச்சி எறிஞ்சிருவாவ."

எனவே நான் தேவையைத் தேடி அலைந்தேன். அது ஒரு சனிக்கிழமை குற்றாலத்தில் அகப்பட்டது. மலையில் நல்ல மழை. பேரருவியில் பாதுகாப்புக்குக் கட்டிய ஆர்ச் வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டியதால் குளிக்கத் தடை போட்டு, கயிறு கட்டிவிட்டார்கள். மதுரையிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. குளிக்கவும் முடியாது, சட்டை போடவும் முடியாது, வேனுக்குள் டிரைவர் ஏற்றவும் மாட்டார். எண்ணெயோடு நிற்கும் மனிதனின் துக்கத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இதைவிடப் பெரிய தேவை உலகத்தில் உண்டா?

குற்றாலத்தில் ஒன்பது அருவி என்பார்கள். நான் பத்தாவதைக் கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

வளத்துக்குக் குறைவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் என் பெரியப்பா மூன்று மாடிக்கு ஒரு லாட்ஜ் கட்ட ஆரம்பித்து, ஜன்னல் வைக்கும் கட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பின்னால் கிணறு இருந்தது. மோட்டார் மெக்கானிக் சுடலை என் பள்ளிக்கூடத் தோழன்.

"மேல இருந்து தண்ணி விழணும், அவ்வளவுதானலே?" என்றான் சுடலை.

"அவ்வளவுதான்."

"விழுந்த தண்ணி எங்கன போவும்?"

"திரும்ப மேலயே போவும். கீழ ஒரு குழி, குழியில ஒரு மோட்டார். ஒரே தண்ணி சுத்திச் சுத்தி வரும்லே. இதுதான் புதுமை!"

சுடலை என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான். அதற்குப் பிறகு என்னை அப்படி அவன் பார்த்ததில்லை.

மொட்டை மாடியில் மூன்று தண்ணீர்த் தொட்டிகள் வைத்தோம். அவற்றின் முன்னால் தகரத்தில் ஒரு நீளத் தொட்டி அடித்து, ரோட்டைப் பார்த்த விளிம்பை மட்டும் தாழ்த்தினோம். சுவரில் பாறை மாதிரி பெயின்ட் அடித்தோம். (தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது.) கீழே தரைக்கு, பெரியப்பா லாட்ஜ் ஹாலுக்கென்று ஆசையாக வாங்கி வைத்திருந்த டைல்ஸைப் பதித்தோம். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. சோதனை ஓட்டத்துக்கு நானும் சுடலையும் ஐந்து நிமிடம் நின்றோம். மூன்று மாடி உயரத்திலிருந்து தண்ணீர் தலையில் விழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் உருவாக்கிய அருவி!

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. குற்றாலத்தில் தடை போடவேண்டும் என்று கோயிலில் போய் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். வேண்டுதல் பலித்தது. காலையிலேயே எல்லா அருவியிலும் தடை. நான் ரோட்டோரம் பலகை வைத்தேன்: 'பத்தாவது அருவி. இங்கே தடை கிடையாது. இன்று மட்டும் இலவசம்.'

முத்துச்செல்வி போனில் சொன்னாள்: "டூட்டி முடிச்சிட்டு அப்பா நாலு மணிக்கு உங்களப் பாக்க வாராவ. சுற்றுலாத் தொழில்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கு அவுகளுக்குப் பிடிக்கலன்னா, அடுத்த வாரம் கடையத்துல இருந்து வேற மாப்பிள்ளை வீடு வருது. பாத்துக்கோங்க."

பத்து மணிக்குப் பத்துப் பேர். பதினொரு மணிக்கு நான்கு வேன். திறப்பு விழா பார்க்க வந்த என் சொந்தக்காரர்கள் வேறு. மதுரை வேனில் வந்த அக்கா ஒருவர் கையில் ஷாம்பு பாக்கெட்டோடு தயங்கித் தயங்கி வந்தார்.

"தம்பி, இங்க ஷாம்பு போடலாமா? அங்கிட்டு அருவியில போடவே விடமாட்டேங்கறாங்க."

"தாராளமாப் போடுங்கக்கா. உங்க அருவி!" என்றேன்.

என் தொழில் வாழ்க்கை அந்த வரியில் முடிந்தது. இத்தனை வருடமாக அருவியில் ஷாம்பு போட முடியாத ஏக்கம் அங்கிருந்த அத்தனை பேருக்கும் இருந்திருக்கிறது. எதிரே பெட்டிக்கடை அண்ணாச்சி இதைப் பார்த்தார். ஐந்தே நிமிடத்தில் ஷாம்பு சரங்களைத் தோரணமாகத் தொங்கவிட்டார். ஒரு ஆளுக்கு ஒன்று என்று யாரும் நிறுத்தவில்லை.

முதலில் எண்ணெய்தான் தன் வேலையைக் காட்டியது. ஒருவர் தலையிலிருந்து இறங்கிய எண்ணெய் குழிக்குப் போய், மோட்டார் வழியாக மாடி ஏறி, அடுத்தவர் தலையில் இறங்கியது. குளித்து முடித்தவர்கள் வந்ததைவிட அதிக எண்ணெயோடு வெளியே வந்தார்கள்.

"ஏ தம்பி, நான் நல்லெண்ணெய்தானே தேச்சேன்? இப்போ வேப்பெண்ணெய் வாடை அடிக்கே!" என்று ஒரு பெரியவர் என்னிடம் நியாயம் கேட்டார்.

எண்ணெய் போகவில்லை என்று எல்லோரும் இன்னும் ஷாம்பு போட்டார்கள். அந்தத் தண்ணீர் மேலே போய் மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுந்து அடித்தால் என்ன ஆகும் என்று சோதனை ஓட்டத்தில் நாங்கள் பார்க்கவில்லை. அருவியில் தண்ணீர் நின்று நுரை விழ ஆரம்பித்தது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நுரை ஏறியது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆசை டைல்ஸைப் பார்க்க வந்த பெரியப்பா அதன்மேலேயே வழுக்கி உட்கார்ந்தார். அவரைத் தூக்கப் போன அம்மா விழுந்தாள். அம்மாவைத் தூக்கப் போன சித்தப்பா இரண்டு பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு சுவர் வரைக்கும் போனார். யாருக்கும் அடி படவில்லை. விழும்போதும் நுரைமேல்தான் விழுந்தார்கள்.

நுரை ரோட்டுக்கு இறங்கியது. பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பஸ் ஓரமாக நின்றது. அப்போது என் போன் அடித்தது. முத்துச்செல்வி.

"அப்பா அங்கிட்டுதான் வந்துக்கிட்டு இருக்காவ. எவனோ கூறுகெட்ட பய மெயின் ரோட்டுல நுரைய விட்டுட்டானாம். அவனை ரெண்டு தட்டு தட்டிட்டு, அப்பிடியே நேரத்தோட உங்களையும் பாத்துட்டுப் போயிருதேன்னாவ. டிப்டாப்பா ரெடியா இருங்க!"

எந்த இடத்தில் நுரை என்று நான் கேட்கவில்லை. நான் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜீப் வந்தது. நல்ல உயரம், நல்ல மீசை, காலையிலிருந்து பேரருவியில் கத்திக் கத்திக் கட்டிப்போன குரல்.

"யாருலே இங்கன ஓனரு?"

சுடலை மொட்டை மாடியில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். நுரைக்குள்ளிருந்து கைகள் எழுந்தன. பெரியப்பா கை, சித்தப்பா கை, என்னைப் பெற்ற அம்மாவின் கை. எல்லாம் என்னைக் காட்டின. நான் நுரைத் தாடியோடு முன்னால் வந்து பெயரைச் சொன்னேன்.

அவர் முகத்தில் அந்தப் பெயர் போய்ச் சேருவதைப் பார்த்தேன்.

"நீதான் அந்த... சுற்றுலாவா?"

பயத்தில் எனக்கு மனப்பாடம்தான் வாயில் வந்தது. "தொழில்முனைவு என்பது ஒரு தேவையைக் கண்டறிந்து, வளங்களைத் திரட்டி, இடரைத் தானே ஏற்று..."

"மொதல்ல மோட்டாரை நிப்பாட்டுலே!"

ஈரக் கையோடு சுவிட்சைத் தொட மாட்டேன் என்று மேலிருந்து சுடலை கத்தினான். (அன்றைக்கு அங்கே நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.) "நகருலே, நான் பாக்கேன்," என்று மாடிப்படியைப் பார்த்து எஸ்.ஐ. பூட்ஸ் காலை டைல்ஸில் வைத்தார்.

பிறகு அவர் நடக்கவில்லை. உட்கார்ந்த நிலையில், முதுகு வளையாமல், தொப்பி கலையாமல், நேராக என்னைத் தாண்டிப் போனார். என் கல்யாணமே அந்த டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். அருவிக்கு நேர் கீழே போய் நின்றார். அதாவது, உட்கார்ந்தார். மொத்த நுரையும் அவர் தலையில் இறங்கியது.

அவர் எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் தவழ்ந்து போனேன். அவர் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "பதினெட்டு சீசனா அருவிக்குக் காவல் நிக்கேன். ஒரு நாளும் தலையக் கொடுத்ததில்லலே."

அரை நிமிடம் இருக்கும். பிறகு நான்கு பேர் சேர்ந்து அவரை எழுப்பினோம். (அதில் இரண்டு பேர் விழுந்தார்கள்.) விசிலை எடுத்து ஊதினார். முதலில் நுரைதான் வந்தது, பிறகு சத்தம். பழக்க தோஷத்தில் கை தானாக நீள, கான்ஸ்டபிள் ஜீப்பிலிருந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.

"தண்ணி... நுரை வரத்து அதிகமா இருக்கதுனால, பாதுகாப்பு கருதி, பத்தாவது அருவியில பொதுமக்கள் குளிக்கத் தடை விதிக்கப்படுது!"

தடை இல்லாத அருவி திறந்த மூன்றாம் மணி நேரத்தில் தடை செய்யப்பட்டது. கயிறு கட்டி முடிப்பதற்குள் எதிர்க்கடை அண்ணாச்சி ஷாம்பு சரத்தை இறக்கிவிட்டுத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார், பஜ்ஜிக்கும் சட்டி வைத்திருந்தார். அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை.

கூட்டம் போய்விட்டது. சுவிட்சைக் கரண்ட் ஆபீஸ்காரர் வந்து அணைத்தார். சொந்தக்காரர்கள் என் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறினார்கள். நான் ஒரு வாளியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கழுவ ஆரம்பித்தேன். அவமானமாக இருந்தது. முத்துச்செல்வியை நினைத்தால் அதைவிடத் துக்கமாக இருந்தது. கடையத்து மாப்பிள்ளை கண்முன்னே வந்து நின்றான். அவனுக்கு நிச்சயம் அரசாங்க வேலையாகத்தான் இருக்கும்.

நாலு மணிக்கு எஸ்.ஐ. வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, பக்கத்தில் அழுத முகத்தோடு முத்துச்செல்வி.

"மன்னிச்சிருங்க," என்றேன். "தொழில் முடிஞ்சு போச்சு. உங்ககிட்ட காட்டுததுக்கு இப்போ என்ட்ட ஒண்ணுமில்ல."

அவர் ரோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். "இதைக் கழுவச் சொல்லி யாரும் சொன்னாவளா?"

"இல்ல."

"நான் சர்வீஸ்ல எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். இப்பிடி ஒரு கூத்தைப் பண்ணிட்டு ஓடாம அங்கனயே நிக்கவனை இன்னைக்குத்தான் பாக்கேன்." மகள் பக்கம் திரும்பினார். "பய சரியான கோட்டிக்காரன்தான். ஆனா விட்டுட்டு ஓட மாட்டான். ஒனக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

நான் அழுதேன். கண்ணில் ஷாம்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது அந்த லாட்ஜின் தரைத்தளத்தில் முத்துச்செல்வியின் சிப்ஸ் கம்பெனி நடக்கிறது. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அதில் பாக்கெட் ஒட்டுவதும் செங்கோட்டைக்குச் சரக்கு கொண்டுபோவதும் என் பொறுப்பு. புதிதாக ஏதாவது யோசனை வந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று முதலாளி அனுமதித்திருக்கிறாள். இதுவரை ஒன்றையும் படித்ததில்லை.

மாமனார் ஓய்வு பெற்று எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் வாளி நிரம்பி வழிந்தாலும், பால் பொங்கினாலும், மழைக்கு மாடி ஒழுகினாலும் உள்ளேயிருந்து அவர் குரல் வரும்: "யாருலே இங்கன ஓனரு?" உடனே வீட்டில் இருக்கிற அத்தனை கைகளும் என்னைக் காட்டும். என் மூன்று வயது மகளுக்கு அருவி கதை இன்னும் தெரியாது. ஆனாலும் அவள்தான் முதலில் கையை நீட்டுகிறாள். நான் செங்கோட்டைக்குப் போயிருக்கும் நாட்களில், ஹாலில் மாட்டியிருக்கும் கல்யாண போட்டோவில் என்னைக் காட்டுகிறாளாம்.