பதினேழு வளைவும் ஒரு திருப்புளியும்

எங்கள் வீட்டில் யாரும் என் கையில் திருப்புளி கொடுப்பதில்லை. மிக்சி மூடி ஆடினாலும் சரி, மூக்குக் கண்ணாடியின் கம்பி கழன்றாலும் சரி, "அம்மா, நீ தள்ளிக்கோ" என்று மகள் வாங்கிக்கொள்வாள். இதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே காலைப் பொழுதில் ஒரு ஸ்கூட்டரைப் பன்னிரண்டு முறை சரிசெய்து, பதின்மூன்றாவது முறை முழுதாகக் கெடுத்தவள் நான்.

ஆறு வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்த இடம் அது. இருபது வருடமாக எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் என் வீட்டுக்காரர் முருகேசன், போடிமெட்டுக்கு மேலே கேரளப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் சூப்பர்வைசர் வேலை காலி என்று சொன்னார். அந்த எஸ்டேட்டுக்குத்தான் அவர் தினமும் காய் எடுக்கும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்.

மேனேஜர் போனில் பேசினார். என் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டே நிபந்தனைகள். எட்டு மணிக்கு நின்று பேர் கூப்பிட வேண்டும். சொந்த வண்டி வேண்டும், ஏனென்றால் தோட்டம் இரண்டு மலையில் இருந்தது. "திங்கட்கிழமை எட்டு மணி. வண்டியும் ஆளும் வந்தா வேலை. இல்லெங்கில் வேற ஆள் ரெடி" என்று வைத்துவிட்டார்.

எட்டு மணிக்குப் பேர் கூப்பிட ஆள் இல்லாவிட்டால் ஜீப்பில் வரும் ஒன்பது பெண்களுக்கும் அரை நாள் கூலி போய்விடும். அதையும் சேர்த்துக் கவலைப்பட ஆரம்பித்தேன். (அதற்கு முன் எனக்கு ஒரு ஆளின் கவலைதான். அன்றிலிருந்து பத்து ஆள் கவலை.)

பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினோம். "இது மலை ஏறாது ஈஸ்வரி. என் கூட ஜீப்புல வா, மேல போயி ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றார் அவர்.

"சொந்த வண்டில வாறேன்னு சொல்லிட்டேங்க. ஏத்திக் காட்றேன்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கால் அப்போதே மெக்கானிக் கடையைத் தேட ஆரம்பித்துவிட்டது.

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாண்டி அண்ணன் கடைக்குப் போனேன்.

"அண்ணே, மலை ஏறணும். இழுவை வேணும்."

"இழுவை வேணும்னா குடிக்கும்த்தா. பரவால்லியா?"

"குடிக்கட்டும்ணே."

(என் வீட்டுக்காரருக்கு இந்த அனுமதியை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.) பாண்டி அண்ணன், எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டரில் ஒரு ஜெட்டை மாற்றினார், ஒரு சின்னப் பித்தளைத் திருகைத் தளர்த்தினார். வண்டி சீறிக்கொண்டு போனது. மறுநாள் காலையில் எனக்குக் கவலை வந்துவிட்டது. இப்படிக் குடித்தால் பாதி மலையில் பெட்ரோல் தீர்ந்துவிடாதா? பாண்டி அண்ணனிடம் திரும்பப் போக வெட்கமாக இருந்தது. மார்க்கெட் பக்கம் வேறு ஒரு மெக்கானிக்கிடம் போனேன்.

"அண்ணே, மைலேஜ் வேணும்."

அவர் வண்டியை முறுக்கிப் பார்த்தார். "எவன் பாத்தது இதை? வாளில ஊத்துற மாதிரில ஊத்துது!"

"தெரியலண்ணே" என்றேன். பொய்தான். அவர் அதே பித்தளைத் திருகை இறுக்கினார். வண்டி நல்ல பிள்ளையாக, சத்தமில்லாமல், பலமும் இல்லாமல் ஓடியது.

இரண்டு பேரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததில் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். எல்லாச் சூட்சுமமும் அந்தத் திருகில்தான் இருக்கிறது. தளர்த்தினால் பெட்ரோல் கூடும், இறுக்கினால் குறையும். இவ்வளவுதானே? இரும்புக்கடைக்குப் போய் நீளமான திருப்புளி ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு டாக்டர்கள் ஆபரேஷன் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கத்தி வாங்கி வந்த மாதிரி.

அடுத்தது பெட்ரோல். பங்கில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று சாதா, ஒன்று ஸ்பெஷல்.

"ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?"

"இது தொண்ணூத்தொண்ணு. அது தொண்ணூத்தஞ்சு."

"நூத்துக்கா?"

அந்த மனுசர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆக்டேன்க்கா. உங்க வண்டிக்குச் சாதாவே போதும்."

போதுமாம்! பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய அதிகபட்ச மார்க் நாற்பத்திரண்டு, அதுவும் ஓவியத்தில். கணக்கு வாத்தியாரும் "ஒனக்கு இது போதும்" என்றுதான் பேப்பரை நீட்டுவார். என் வண்டிக்குமா அந்த நிலைமை? "தொண்ணூத்தஞ்சே போடுங்க" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் டேங்கில் ஏற்கெனவே சாதா இருப்பது ஞாபகம் வந்தது. இரண்டும் கலந்தால் பாலில் மோர் விட்டதுபோலத் திரிந்துவிடாதா? பங்குக்காரரிடம் கேட்கலாம். ஆனால் "நூத்துக்கா" என்று கேட்டபோது அவர் பார்த்த பார்வை இன்னும் என் மேல்தான் இருந்தது.

அதனால் பழைய பெட்ரோலை ஓட்டியே தீர்ப்பதென்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போடிக்கும் சிலமலைக்கும் ஏழு நடை. நாலாவது நடையில், சிலமலை டீக்கடையில் நின்ற ஒரு பெரியவர் கைகாட்டி நிறுத்தினார். "யாரத் தேடுற தாயி? சொன்னா நாங்களும் தேடுவோம்ல?"

"பெட்ரோலத் தீக்குறேன் அப்பு" என்றேன். அவர் பெஞ்சுக்குத் திரும்பிப் போய்ப் பக்கத்திலிருந்தவரிடம் என்னவோ சொன்னார். அடுத்த மூன்று நடைக்கும் பெஞ்சில் கூட்டம் கூடிக்கொண்டே போனது.

சிக்கனமாக வைத்திருக்க வேண்டுமென்று மைலேஜுக்குச் சரிசெய்த வண்டியில், பெட்ரோலை வீணாக எரிப்பதற்காக ஒரு நாள் பூராவும் ஓட்டினேன். இதில் ஏதோ இடிக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை. ஒரு மணி நேரப் பாதைக்கு நான் ஐந்தரைக்கே கிளம்பினேன். டேங்க் நிறையத் தொண்ணூற்றைந்து. பையில் திருப்புளி. அடிவாரத்து முந்தல் வரை வண்டி பூவாகப் போனது. மலை தொடங்கியதும் முனக ஆரம்பித்தது. முதல் வளைவில் முறுக்கினேன், மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் எனக்கும் வாங்கியது. மூன்றாவதில் ஓரமாக நிறுத்தி, பக்கவாட்டு ஓட்டைக்குள் திருப்புளியை விட்டு, திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். வண்டி இழுத்தது! அந்த இரண்டு நிமிடம் நான் பட்ட பெருமையை வாழ்நாளில் பட்டதில்லை.

நாலாவது வளைவில் கவலை வந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றுகிறதோ? இறங்கி இறுக்கினேன். ஐந்தில் இழுக்கவில்லை. தளர்த்தினேன். ஆறில் பெட்ரோல் வாடை. இறுக்கினேன். ஏழில், இறுக்கியது கால் சுற்றா அரைச் சுற்றா என்று சந்தேகம். இறங்கிப் பார்த்தேன், பார்த்தால் அது எப்படித் தெரியும்? மேலே போகப் போகப் பின்னாலிருந்து கறுப்புப் புகை வந்தது. அப்படியானால் எஞ்சின் காய்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, பாவம் குடிக்கட்டும் என்று இன்னும் தளர்த்தினேன். விரலில் இரண்டு இடத்தில் சூடு. புடவை மேல் போட்டிருந்த சட்டையெல்லாம் கரி. ஒவ்வொரு வளைவிலும் குரங்குகள் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்தன. பதின்மூன்றாவதில் ஒன்று வந்து ஸ்கூட்டர் சீட்டிலேயே உட்கார்ந்தது. (அதற்கும் ஒரு யோசனை இருந்திருக்கும்.)

ஆனால் திரும்பிப் போகலாம் என்று மட்டும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். இருபது வருடம் உட்கார்ந்த இடத்துக்குத் திரும்பிப் போவதைவிட இந்த வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறுவது மேல் என்று இருந்தது.

பதினைந்தாவது வளைவில் கடைசியாக ஒருமுறை தளர்த்தினேன். கையில் ஏதோ லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. டிங் என்று ஒரு சத்தம். பித்தளைத் திருகும் அதன் ஸ்பிரிங்கும் வெளியே துள்ளி, தார் ரோட்டில் ஒரு குதி குதித்து, சுவருக்கு அடியில் இருந்த தண்ணீர் ஓட்டை வழியாகப் பள்ளத்துக்குப் போய்விட்டன. எட்டிப் பார்த்தேன். கீழே போடி முழுக்கத் தெரிந்தது. திருகு தெரியவில்லை.

வண்டி அதோடு சரி. தள்ளிக்கொண்டே நடந்தேன். கடைசி வளைவைத் தாண்டி மேட்டில் நின்றபோது பின்னால் ஜீப்பு ஹாரன். மணி ஏழு இருபது. என் வீட்டுக்காரர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், திருப்புளியைப் பார்த்தார். "என்ன பண்ணுனே?"

"சரி பண்ணுனேங்க."

ஜீப்புக்குள் ஒன்பது பெண்களும் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. முன் சீட்டிலிருந்து பேச்சியம்மா மதினி தலையை நீட்டினாள். எனக்குத் தூரத்து உறவு, காய் எடுப்பதில் எல்லாருக்கும் மூத்தவள். "அடியே, ஒஞ் சட்டையப் பாரு. எஞ்சினுக்குள்ள போயா உக்காந்து வந்தே?"

"வண்டிய ஓரங்கட்டிட்டு வெரசா ஏறு, மணியாகுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏற மாட்டேன். வண்டியும் ஆளும் வரணும்னு சொல்லிருக்காரு."

"இது ஓடலையேடி!"

மதினி கீழே இறங்கினாள். "முருகேசா, வண்டி வரணும்னுதான சொன்னாரு? ஓடி வரணும்னா சொன்னாரு?" என்றவள், ஜீப்பின் பின்பக்கத்தைத் தட்டினாள். "எறங்குங்கடி எல்லாரும். இவ போகலைன்னா நமக்கும் அரை நாளு போச்சு."

என்னை ஸ்கூட்டரில் உட்கார வைத்தார்கள். நானும் தள்ளுகிறேன் என்றேன். "நீ ஒண்ணையும் தொடாத ஆத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் ஒருத்தி. ஒன்பது பேரும் சுற்றிப் பிடித்துத் தள்ள, முன்னால் குலவை, பின்னால் காலி ஜீப்பு, நடுவில் கரி பூசிய முகத்தோடு நான். திருவிழாச் சப்பரம் இதைவிட வேகமாகப் போகும். செக்போஸ்டில் நின்ற போலீஸ்காரர் எதைச் சோதிப்பது என்று தெரியாமல் வழிவிட்டார்.

எஸ்டேட் வாசலில் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு ஐம்பத்தெட்டு.

"வண்டிக்கு எந்து பற்றி, என்ன ஆச்சு?" என்றார்.

"வண்டி வந்துருச்சு சார்."

"எஞ்சின்?"

"அதுவும் வண்டிலதான் சார் இருக்கு."

அவர் மூச்சிரைத்து நின்ற ஒன்பது பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாற்று ஆள் யாராவது மரத்துக்குப் பின்னால் நிற்கிறாரோ என்று நான் பார்த்தேன். கடைசியில் அவர் நோட்டை நீட்டி, "பேர் கூப்பிடு" என்றார்.

முதல் பேர் பேச்சியம்மாள்.

"இருக்கேன்" என்றாள் மதினி. "இன்னும் அரை மைலு தள்ளிருந்தா இருந்துருக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம், மருந்தடிக்கிற மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் ஜோசப் சேட்டன் என் வண்டியைத் திறந்து பார்த்தார். ஊருக்குத் திரும்ப ஜீப்பைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். நான் நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். இரண்டு மெக்கானிக், பன்னிரண்டு திருகல், தொண்ணூற்றைந்து, எதையும் மறைக்கவில்லை.

"மோளே" என்றார் அவர். "கீழ காத்து கனம், மேல மெலிசு. அங்க அளவா இருக்கிற பெட்ரோல் இங்க வந்தா கூடுதல். அதான் கறுப்புப் புகை. நீ அதுக்கும் மேல திறந்து விட்டா அது எப்படி மூச்சு விடும்? ஒரு எடத்துல வெச்சிட்டு விட்டிருந்தா, மெதுவா ஏறியாச்சும் இருக்கும்."

"அந்தத் தொண்ணூத்தஞ்சு சேட்டா? அதுக்குப் பலம் ஜாஸ்திதான?"

"பலம் இல்ல. பொறுமை. உள்ள அமுக்கம் ஜாஸ்தியா இருக்கிற எஞ்சின்ல, பிளக்குல பொறி வர்றதுக்கு முன்னாலயே சாதா பெட்ரோல் பதறித் தானாப் பத்திக்கும். எஞ்சின் டொக்கு டொக்குன்னு தட்டும், கெட்டுப்போகும். ஆக்டேன் கூடுனது பதறாது. பொறி வர்ற வரைக்கும் காத்திருக்கும். உன்ட வண்டிக்கு அதொண்ணும் வேண்டா."

என் வீட்டுக்காரர் ஜீப்பில் சாய்ந்தபடி மெதுவாகக் கேட்டார்:

"சேட்டா, அந்தப் பெட்ரோல மனுசருக்கு ஊத்தலாமா?"

ஒன்பது தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. முதலில் வெடித்தது மதினிதான். "ஐயோ, பொறி வர்றதுக்கு முன்னாடியே பத்திக்கிறவ இவதான!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேலை கிடைத்தது. கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஸ்கூட்டரைப் பாண்டி அண்ணன் சரிசெய்தார். (திட்டிக்கொண்டே.) சாதா பெட்ரோலில், ஒரே அளவில் வைத்த திருகோடு, அவசரமில்லாமல் பதினேழு வளைவும் ஏறுகிறது. ஏறாதது என் பொறுமை மட்டும். எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டிய பேரை நான் ஏழு ஐம்பதுக்கே கூப்பிட ஆரம்பித்துவிடுவேன், யாராவது வராமல் போய்விட்டால் என்ற பயத்தில். அப்போதெல்லாம் மதினி "இருக்கேன்" என்று சொல்வதில்லை. "பொறி இன்னும் வரல தாயி" என்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன். யார் கேட்டார்கள்?

போன வாரம் பொட்டிபுரத்திலிருந்து ஒரு அம்மா புதிதாக வேலைக்கு வந்தார். வரிசையில் நிற்பதற்கு முன் என் பக்கத்தில் வந்து பயந்தபடி கேட்டார்: "ஏந்தாயி, பேரக் கூப்பிட்டா பொறி வரலன்னு சொல்லணுமாம்ல? இங்கன அதான் சட்டமாம்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐம்பத்திரண்டு. நோட்டு ஏற்கெனவே என் கையில் திறந்திருந்தது.

"ஆமாத்தா" என்றேன். "சத்தமாச் சொல்லணும்."