இரண்டு நாட்டுக்கு ஒரே டயர்

கிரெய்கிபர்ன், மெல்பேர்ன்.
ஆகஸ்ட் மாதத்து மழை ஞாயிறு.

என்றும் மாறாத அன்புக்கும் மரியாதைக்கும் உரிய எறிக் மாமா அவர்களுக்கு,

மருமகள் டில்ஷா எழுதிக்கொள்வது. மடு மாதாவின் அருளால் நீங்களும் மாமியும் மொன்றியலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் ‘நாங்களும் சுகம்’ என்று எழுதவேண்டும் எனத் தமிழ்ப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். ஆனால் பொய் எழுதினால் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். ஆகவே உண்மையை எழுதுகிறேன்: அப்பா சுகமில்லை, அம்மா சுகமில்லை, கார் சுகமில்லை. நான் மட்டும் சுகம், ஏனென்றால் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இதை ஏன் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை என்று யோசிப்பீர்கள். குடும்பக் குழுவில் நான் எழுதுகிறவற்றுக்கெல்லாம் நீங்கள் ஒரு பெருவிரலைக் காட்டிவிட்டு, அதன் கீழே இன்னொரு டயர் வீடியோவைப் போடுகிறீர்கள். காகிதத்துக்குப் பெருவிரல் காட்ட முடியாது, மாமா. தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

தை மாதத்தில் அப்பா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்கப் பண்டகசாலையில் ஆமை வேகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிற மனிதருக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதா என்று அம்மாவே சொன்னதால் நானும் பேசாமல் இருந்தேன். பாவித்த கார்தான், சிவப்பு, இரண்டு கதவு. நாங்கள் மூன்று பேர். பின்னிருக்கை என்று ஒன்று உண்டு. மீனின் வயிற்றுக்குள் யோனா இருந்ததுபோல அதற்குள் நான் முழங்காலை நாடியில் முட்டுக்கொடுத்து இருக்கிறேன். பூசை முடிந்து ஃபாதர் காருக்குத் தீர்த்தம் தெளித்து, “கெதியா ஓடாதேங்கோ, றெஜினோல்ட்” என்றார். அதற்கு அப்பா, “ஏன் ஃபாதர் ஓடவேணும்? சும்மா நிக்கேக்குள்ளயே ஓடுற மாதிரித்தானே கிடக்கு” என்றார். மாமா, அந்த வாக்கு அப்படியே பலித்துவிட்டது. கார் நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது.

அம்மாவுக்குக் கலியாணம் பேசிய காலத்தில் மொன்றியலிலிருந்தும் ஒரு சம்பந்தம் வந்தது, அம்மா மெல்பேர்னைத் தெரிவு செய்தார். “இஞ்சையும் ஸ்னோ இருக்கு” என்று அப்பா போனில் சொன்னதை நம்பித்தான் வந்ததாக அம்மா இன்றும் சொல்வார். அப்பா சொன்னது பொய்யில்லை. இருக்கிறது, மலையில், மூன்று மணிநேர ஓட்டத்தில். ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏதாவது ஒன்று வந்து குறுக்கே நின்றது: ஓவர்டைம், என் சின்னம்மை, கொரோனா, ஒரு செத்தவீடு. நீங்கள் கனடா போன புதிதில் மன்னாருக்கு எழுதிய முதல் கடிதத்தில், ‘வானத்திலிருந்து ஆரோ மா அரிக்கிற மாதிரிக் கிடக்கு’ என்று எழுதினீர்களாம். அம்மாவுக்கு அந்த வரி இன்னும் பாடம். குசினியில் மா அரிக்கும்போது சில நேரம் அரிதட்டை உயரத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது தெரியாது.

குளிர்கால விடுமுறையில் ஒருவழியாகப் புறப்பட்டோம். நீங்கள் அனுப்பிய கோட்டுக்கு மேலே மாமி அனுப்பிய கோட்டையும் அம்மா போட்டுக்கொண்டதில் இருக்கைப் பட்டி பூட்ட மறுத்தது. மேலே போகிற கார்கள் டயருக்குப் போடுகிற சங்கிலி வைத்திருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். மலையடி ஊரில் அதை வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரர் வெளியே வந்தார். எங்கள் காரைப் பார்க்கக் குனிந்தார், பிறகு முழந்தாளிட்டார், பிறகு கிட்டத்தட்டப் படுத்தேவிட்டார். டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரலே போகவில்லை, சங்கிலி எங்கே போகும்? “நல்ல கார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டார். திரும்பி வருகிற வழியில்தான் அவருக்கு முகம் கறுத்தது.

பெற்றோல் நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதன் பொனற்றில் யாரோ ஒரு குட்டிப் பனிமனிதனைச் செய்து வைத்திருந்தார்கள். கழுத்துக் கரைந்து தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அம்மா தேநீரை என் கையில் தந்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றார். தொடலாமா என்று கேட்க அவர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் வந்து, சிரித்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தரையில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. இதுவரைக்கும் அம்மா பார்த்த பனி அவ்வளவுதான்.

அன்று பின்னேரம்தான் அப்பா உங்களுக்குப் போன் எடுத்தார். நானும் அருகில் இருந்தேன், ஒரு சொல்லும் மறக்கவில்லை. நீங்கள்தான் தொடங்கினீர்கள்:

“மச்சான், சங்கிலியை விடு. வின்ரர் டயரைப் போடு. இஞ்ச சட்டமே அதுதான்.”

“இஞ்ச அதை ஒரு கடையிலயும் காணேல்லையடாப்பா.”

“என்னத்துக்குக் கடை? உனக்குக் குளிர் எண்டா எனக்கு வெய்யில். என்ரை நாலு டயரும் றிம்மோட கராஜுக்குள்ள சும்மா கிடக்குது. அங்கால வாற ஆக்களிட்டை ஒண்டொண்டாக் குடுத்துவிடுறன். டிசம்பருக்கு முதல் நீ திருப்பிவிடு. ரெண்டு நாட்டுக்கும் ஒரு செற் காணும்!”

அப்பா போனை வைத்துவிட்டு, “பேர்ள், உன்ரை கொண்ணன் விஞ்ஞானியடி” என்றார்.

அன்று இரவே நான் காரின் கையேட்டை எடுத்து வாசித்தேன். இந்த வீட்டில் கையேடு வாசிக்கிற ஆள் நான் ஒருத்திதான். எங்கள் முன் டயரில் 245/40 R19 என்று எழுதியிருக்கிறது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. மூன்றாவது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று அளவைமுறை. நான் இப்படி விடை எழுதினால் கணித ஆசிரியை பேப்பரைத் திருப்பித் தந்துவிடுவார். குளிர்காலத்துக்கு றிம் சிறுத்து டயரின் சுவர் உயரலாம், மொத்த வட்டம் மட்டும் மாறக்கூடாது, மாறினால் வேகம் காட்டுகிற முள் பொய் சொல்லும் என்று படித்தேன். உங்களுடையது 225/55 R17. கணக்குப் போட்டேன். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை! மகிழ்ச்சி தாங்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். திருப்பியிருக்கக்கூடாது. ‘இந்த மொடலின் முன் பிரேக் பெரிது. பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்த றிம் பொருந்தாது’ என்று அங்கே இருந்தது.

காலையில் அப்பாவிடம் காட்டினேன். “பிள்ளை, மாமா கனடாவில முப்பது வருசம் கார் ஓடுறார். இந்தப் புத்தகம் எத்தினை வருசம் ஓடினது?” என்று கேட்டார்.

முதல் டயரைக் கிறிஸ்ரினா அன்ரி கொண்டுவந்தார். இங்கே ஒரு ஞானஸ்நானத்துக்கு வந்த மனுசி, உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு, பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டி அப்பாவின் பெயர் எழுதிய டயரோடு வந்து இறங்கினார். விமான நிலையத்து அதிகாரி முறுக்கையும் மிளகாய்த்தூளையும் விட்டுவிட்டு, டயரின் பள்ளங்களுக்குள் இருந்த கனடா மண்ணைத்தான் பிடித்தார். அதைக் கழுவி முடிக்கும்வரை அன்ரி கதிரையில் காத்திருந்தாராம். ஞானஸ்நானத்துக்கு அம்மாவின் சேலையைத்தான் உடுத்தார். அவர் போகுமுன் பிரேக்கை அளந்து பார்ப்போம் என்று நான் அளவுநாடாவை எடுத்தபோது அப்பா என் கையைப் பிடித்தார். “சுமந்துகொண்டு வந்த மனுசிக்கு முன்னால சாமானை அளக்கிறதே? மரியாதை இல்லை.” சரி, அவர் போன பிறகு? “பிறகும்தான். எங்களுக்குத் தெரியுந்தானே!”

இரண்டாவது, சிட்னிக்கு வந்த சிறிதரன் அங்கிளோடு வந்தது. அவர் முதலில் அங்குள்ள ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறார். ஐயர் ஒரு புதுக் காருக்குப் பூசை செய்துகொண்டு நிற்பதைக் கண்டு, “எங்கடையும் இருக்கு” என்று டயரை உருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தாராம். சந்தனமும் குங்குமமும் எலுமிச்சம்பழச் சாறுமாக அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கும் தீர்த்தம் தெளிக்கும்படி அப்பா ஃபாதரைக் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் குங்குமத்தைப் பார்த்துவிட்டுத் தெளித்தார். மூன்றாவதைக் கொண்டுவந்தவர் பல்கலைக்கழக மாணவர். எங்களை முன்பின் அறியாதவர். மணியை அடித்துவிட்டு, நாங்கள் நன்றி சொல்லக்கூட நிற்காமல், பாரம் நீங்கிய சந்தோசத்தில் ஓடிப்போய்விட்டார்.

நேற்று மூன்றையும் கார் திருத்துகிற சுஜீதன் அண்ணாவின் கராஜுக்குக் கொண்டுபோனோம். காரைத் தூக்கி, முன் சில்லைக் கழற்றி, உங்கள் டயரைத் தூக்கிப் பிடித்தார். ‘டிங்’ என்று ஒரு சத்தம். றிம் பிரேக்கில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு சமயத்தின் ஆசீர்வாதம் பெற்ற டயரைப் பிடித்தார். அதுவும் ‘டிங்’.

“அங்கிள், இது உள்ள போகாது. நட்டு ஓட்டையும் வேற.”

“கொஞ்சம் தட்டிப் பாருமன்.”

“பிரேக்கை எப்பிடி அங்கிள் தட்டுறது? பதினேழை விடுங்கோ. நான் இருபது போட்டுத்தாறன். ஷோவா இருக்கும்.”

“அதோட ஸ்னோவுக்குப் போகலாமோ?”

“ஸ்னோவுக்கோ? ஸ்பீட் பம்ப்புக்கே போகேலாது. ஆனா ஷோவா இருக்கும்.”

நான் பதினெட்டு என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மாமா, நீங்கள் பதினேழு என்கிறீர்கள், அவர் இருபது என்கிறார், கையேடு பதினெட்டு என்கிறது, நான் ஒன்பதாம் வகுப்பு. நான் சொல்லி யார் கேட்பார்கள்?

இதுவரை எழுதியதை வாசித்துச் சிரித்திருப்பீர்கள். இனிச் சிரிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு கோட்டையும் மடித்தார். கோயிலில் ஏழைகளுக்குச் சேர்க்கிற பைக்குள் வைத்துக் கட்டினார். “பறவாயில்லையப்பா. இனி நான் கேக்க மாட்டன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. சாதாரணமாக, பால் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கோயில் பங்கிலிருந்து பனி பார்க்க ஒரு பஸ் போகிறது. இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி. இடமும் இருக்கிறது. அம்மாவின் பெயரை நானே கொடுத்துவிட்டேன். அப்பாதான், “பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனா எறிக் என்னைப் பற்றி என்ன நினைப்பான்?” என்கிறார். ஆகவே உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். நாலாவது டயரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அப்பாவுக்குப் போன் எடுத்து, “நாங்களும் முதன்முதல் பஸ்ஸில போய்த்தான் பாத்தனாங்கள்” என்று ஒரு பொய் சொல்லுங்கள். அந்தப் பாவத்தை என் கணக்கில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாமிக்கு என் முத்தங்கள். றிஷி மச்சானின் படிப்புக்காகச் செபிக்கிறேன். உங்கள் முழங்கால் வலிக்கும் சேர்த்துத்தான். இறைவன் உங்கள் வீட்டு வாசலையும் அதில் வழுக்குகிற பனியையும் காப்பாராக.

கீழ்ப்படிவுள்ள மருமகள்,
டில்ஷா

பி.கு.: வெளிநாட்டுத் தபால்தலை வீட்டில் இல்லாததால் இந்தக் கடிதம் சில வாரங்களாக என் புவியியல் புத்தகத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. ஆகவே மேலே கேட்ட எதையும் செய்யவேண்டாம். நாலாவது டயர் இதை எழுதிய மறுநாளே வந்து சேர்ந்தது. பஸ்ஸும் போனது. ஏறி இருந்த அம்மா, “மனுசன் வெளியில நிண்டு கை காட்டுறதைப் பாத்துக்கொண்டு என்னெண்டு போறது?” என்று இறங்கிவந்துவிட்டார். போன கிழமை நீங்கள், டிசம்பர் முதலாம் தேதிக்குள் டயர்கள் வராவிட்டால் உங்களைப் பொலிஸ் பிடிக்கும் என்று சொன்னீர்கள். அந்தப் பக்கம் போக ஆள் இல்லையே என்று அப்பா தலையில் கைவைத்திருந்தபோது குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது: “நான் கொண்டுபோறன்.” அப்பா தலையிலிருந்து கையை எடுத்தார். “அது பாரம், பேர்ள். நானும் வாறன்” என்றார். கார் இப்போது சுஜீதன் அண்ணாவிடம், இருபது அங்குல றிம்மோடு, ஷோவாக நிற்கிறது. அதை விற்றுத்தான் ரிக்கெற் எடுத்தோம். பள்ளியில் விடுப்புக்குக் காரணம் கேட்டார்கள். டயர் என்று சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை.

நவம்பர் கடைசியில் விமான நிலையத்துக்கு வாருங்கள், மாமா. ஆளுக்கொரு டயர் என்பதால் எங்களிடம் உடுப்புப் பெட்டி இராது. கோட்டுகள் கொண்டுவாருங்கள், அம்மாவுக்கு மட்டும் இரண்டு. வழியில் மா அரிக்கத் தொடங்கினால் காரை ஓரமாக நிறுத்துங்கள். அம்மா தொட்டுப் பார்த்து முடியும்வரை யாரும் ஹோர்ன் அடிக்கவேண்டாம்.

நாங்கள் மூன்று பேர், டயர் நாலு. நாலாவதைக் கொண்டுவர இங்கே ஆள் தேடுகிறோம். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?